என்.எஃப்.சி. நார்த் பிரிவின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எஃப்.சி. நார்த் என்பது என்ன? அதில் எந்தெந்த அணிகள் உள்ளன?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் இன்று 32 அணிகள் ஆடுகின்றன. அவை என்.எஃப்.சி., ஏ.எஃப்.சி. என்று இரண்டு பாதிகளாகவும், ஒவ்வொரு பாதியும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவுக்கு நான்கு அணிகள். என்.எஃப்.சி.யின் வடக்குப் பிரிவே நார்த். சிகாகோ பேர்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ் ஆகிய நான்கும் இதில் அடங்கும். ஒரே பிரிவைச் சேர்ந்த அணிகள் ஆண்டுக்கு இரண்டு முறை, சொந்த ஊரில் ஒன்றும் எதிரணியின் ஊரில் ஒன்றுமாக, கட்டாயம் மோதுகின்றன. ஆகவே 17 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் ஆறு ஆட்டங்கள் இந்த அண்டை வீட்டாருடன்தான்.

லீக்கைப் பிரிவுகளாகப் பிரிக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது?

இந்தக் கேள்விக்கான விடையிலேயே இப்பிரிவின் இரண்டு அணிகள் இருக்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1920-இல் லீக் தொடங்கியபோது பிரிவுகளும் இல்லை, இறுதியாட்டமும் இல்லை. பருவம் முடிந்ததும் வெற்றி விகிதத்தைக் கணக்கிட்டு முதலிடம் பெற்ற அணிக்குப் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். 1932-இல் அந்தக் கணக்கு சிக்கலில் முடிந்தது. சிகாகோ பேர்ஸ் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு சமநிலை என்று நின்றது. ஒஹாயோ மாநிலத்தின் சிறிய ஊரான போர்ட்ஸ்மத்தின் ஸ்பார்ட்டன்ஸ் அணி ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு சமநிலை என்று நின்றது. சமநிலைகளைக் கணக்கில் சேர்க்காத வழக்கப்படி இரண்டும் சமம். அந்தப் பருவத்தில் அவை ஒன்றையொன்று எதிர்கொண்ட இரண்டு ஆட்டங்களும் சமநிலையில்தான் முடிந்திருந்தன. கிரீன் பே பத்து ஆட்டங்களில் வென்றிருந்தும், மூன்று தோல்விகளால் விகிதம் குறைந்து பின்தங்கியது.

முடிவு காண 1932 டிசம்பர் 18 அன்று ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. சிகாகோவில் பனியும் குளிரும் கடுமையாக இருந்ததால் ஆட்டத்தைக் கூரை வேய்ந்த சிகாகோ ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோனார்கள். அங்கே சற்று முன்புதான் சர்க்கஸ் நடந்திருந்தது; அதற்காகக் கொட்டியிருந்த மண்ணின் மேலேயே ஆடினார்கள். முழு மைதானத்துக்கு அங்கே இடமில்லை. இரு முனைகளையும் சேர்த்து மொத்த நீளமே 80 கெஜம்தான். பந்து பக்கச் சுவரை ஒட்டி நின்றுவிட்டால் வீரர்கள் சுவரில் மோதாமலிருக்க, அதை உள்ளே தள்ளி வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நான்காவது கால்பகுதியில் பேர்ஸ் அணியின் பிரான்கோ நகுர்ஸ்கி எறிந்த பந்தை ரெட் கிரேஞ்ச் பிடித்து டச்டவுன் ஆக்கினார்; எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவதே டச்டவுன். அக்கால விதிப்படி பந்தை எறிபவர், ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கோட்டுக்கு ஐந்து கெஜம் பின்னால் நிற்க வேண்டும். நகுர்ஸ்கி அப்படி நிற்கவில்லை என்று போர்ட்ஸ்மத் முறையிட்டது. முறையீடு எடுபடவில்லை. பேர்ஸ் 9–0 என்று வென்றது.

அந்த ஒரு மாலையின் விளைவுகள் பெரியவை. மறு ஆண்டே, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் பந்தை எறியலாம் என்று விதி மாறியது. ஓரத்திலிருந்து பந்தை உள்ளே கொண்டுவந்து வைக்கும் முறையும் நிலைபெற்றது. இறுதியாட்டம் என்பது மக்களை எவ்வளவு ஈர்க்கும் என்று கண்டுகொண்ட உரிமையாளர்கள், 1933-இல் லீக்கைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து, இரு முதலிட அணிகளும் பட்டத்துக்கு மோதும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அன்று தோற்ற போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ்தான் 1934-இல் டெட்ராய்ட்டுக்கு இடம்பெயர்ந்து லயன்ஸ் ஆயிற்று.

இந்த நான்கு அணிகளும் எப்போது ஒன்றாகச் சேர்ந்தன?

பேர்ஸ், பேக்கர்ஸ், போர்ட்ஸ்மத் மூன்றும் 1933 முதலே மேற்குப் பிரிவில் சேர்ந்து இருந்தன. நான்காவதான வைக்கிங்ஸ் 1961-இல் புதிய அணியாக நுழைந்தது. மினசோட்டாவின் முதலீட்டாளர்கள் முதலில் போட்டி லீக்கான ஏ.எஃப்.எல்.லில் சேரவே இணங்கியிருந்தார்கள். பிறகு மனம் மாறி என்.எஃப்.எல்.லுக்கு வந்தார்கள். தன் முதல் ஆட்டத்திலேயே பேர்ஸ் அணியை 37–13 என்று வைக்கிங்ஸ் வீழ்த்தியது. அன்று ஆட்டத்தை மாற்றியவர் ஃபிரான் டார்க்கென்டன் என்ற அறிமுகக் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்.

1967-இல் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்து லீக் 16 அணிகளாக வளர்ந்தபோது, நான்கு நான்காகப் பிரித்து சென்ட்ரல் என்ற பெயரில் இந்த நான்கையும் ஒரே பிரிவில் வைத்தார்கள். இன்றைய நார்த் பிரிவின் பிறந்த ஆண்டு அதுவே.

1970-இல் இரண்டு லீக்குகள் இணைந்தபோது இப்பிரிவு கலையாமல் இருந்தது எப்படி?

என்.எஃப்.எல்.லின் 16 அணிகளும் ஏ.எஃப்.எல்.லின் பத்து அணிகளும் இணைந்தபோது, இரு பாதிகளையும் சமமாக்க மூன்று பழைய அணிகள் மறுபக்கம் போயின. எஞ்சிய 13 அணிகளை எப்படிப் பிரிப்பது என்பதில் உரிமையாளர்கள் மாதக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவருக்கும் கூட்டம் சேரும் எதிரணி வேண்டும், இதமான வானிலையும் வேண்டும். கடைசியில் லீக்கின் ஆணையர் பீட் ரோசெல் ஐந்து திட்டங்களைத் தனித்தனித் தாள்களில் எழுதிப் பூச்சாடி ஒன்றில் போட்டு, தம் செயலரை ஒன்றை எடுக்கச் சொன்னார். 1970 ஜனவரியில் எடுக்கப்பட்ட அந்தத் தாளில் சிகாகோ, டெட்ராய்ட், கிரீன் பே, மினசோட்டா நான்கும் ஒன்றாக இருந்தன. குடவோலை முறையில் அமைந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது.

ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊருக்கு எப்படி ஓர் அணி?

என் பார்வையில் அமெரிக்க விளையாட்டிலேயே மிக அழகான கதை இதுதான். 1919-இல் கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து தொடங்கிய அணி இது. லாம்போ வேலை பார்த்த இறைச்சி பதனிடும் நிறுவனம் சீருடைக்குப் பணம் கொடுத்ததால் பேக்கர்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சிறு ஊர்களின் அணிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலத்தில், 1923-இல் கிரீன் பே மக்களே பங்கு வாங்கி அணியைத் தங்கள் உடைமையாக்கினார்கள். ஒரு பங்கின் விலை ஐந்து டாலர். இதுவரை ஆறு முறை பங்குகள் விற்கப்பட்டு, இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் உள்ளனர். அந்தப் பங்குக்கு லாபத் தொகை கிடையாது. அதைச் சந்தையில் விற்கவும் முடியாது. சட்டகமிட்டுச் சுவரில் மாட்டிவைக்க ஒரு தாள், ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வாக்கு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட உடைமை முறையை வேறெந்த அணிக்கும் லீக் விதிகள் இன்று அனுமதிப்பதில்லை.

பங்குகள் மட்டும் ஊரைக் காப்பாற்றியிருக்காது. 1960-களின் தொடக்கத்தில் லீக் தொலைக்காட்சி உரிமையை மொத்தமாக விற்று வருவாயை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பகிரத் தொடங்கியது. நியூயார்க்குக்குக் கிடைக்கும் அதே பங்கு கிரீன் பேக்கும் கிடைத்தது.

மூன்றாவது காரணம் ஓர் எதிரி. 1956-இல் புதிய அரங்கம் கட்டக் கடன் வாங்கலாமா என்று கிரீன் பேயில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அப்போது சிகாகோவிலிருந்து பேர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ் நேரில் வந்து, அரங்கத்துக்கு ஆதரவாகப் பேசினார். ஆண்டுக்கு இரு முறை தம் அணியை வெல்லத் துடிக்கும் ஊரின் மேடையில் ஏறி, இந்த அணி பிழைத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வாக்கெடுப்பு வென்றது. 1957 செப்டம்பர் 29 அன்று அந்த அரங்கத்தின் முதல் ஆட்டத்தில் பேக்கர்ஸ் 21–17 என்று அதே பேர்ஸ் அணியைத் தோற்கடித்தது. 1965-இல் லாம்போவின் பெயர் சூட்டப்பட்ட அந்த அரங்கில் இன்று 80,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆட்டத்துக்கு முன் கடும் பனி பெய்தால், மணிக்கணக்குக் கூலிக்குப் பனி அள்ள வாருங்கள் என்று நிர்வாகம் ஊராரை அழைக்கும். விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும்.

இப்பிரிவைக் கறுப்பு-நீலப் பிரிவு என்று ஏன் அழைத்தார்கள்?

அடிபட்ட உடம்பில் தோல் கன்றிப்போகும் நிறத்தை ஆங்கிலத்தில் கறுப்பு-நீலம் என்பார்கள். நான்கு அணிகளும் பந்தை எறிவதைவிட ஏந்திக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதையும், முரட்டுத் தற்காப்பையும் நம்பின. நவம்பருக்குப் பின் தரை இறுகி, விரல்கள் மரத்துப்போகும் ஊர்களில் எறிபந்தாட்டம் கைகொடுக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐஸ் பௌல் என்றால் என்ன?

சென்ட்ரல் பிரிவின் முதல் வாகையரான பேக்கர்ஸ், 1967 டிசம்பர் 31 அன்று லீக் பட்டத்துக்காக டாலஸ் கௌபாய்ஸை லாம்போ அரங்கில் சந்தித்த ஆட்டம் அது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் பயன்தராமல் போய், புல்தரை பாறையாய் உறைந்தது. நடுவரின் உலோக ஊதல் உதட்டோடு ஒட்டி, பிய்த்தெடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அதன்பின் ஆட்டம் முழுவதையும் குரலாலேயே நடத்தினார்கள். 17–14 என்று பின்தங்கியிருந்த பேக்கர்ஸுக்குக் கடைசி 16 விநாடிகளில் எல்லைக்கோடு இரண்டு அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெற்றுச் சமன்செய்யும் வாய்ப்பு இருந்தும், குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தைத் தாமே ஏந்தி உள்ளே விழுந்தார். ஆட்டம் 21–17. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டிக்கு ஏழு ஆண்டுகளில் அது ஐந்தாவது லீக் பட்டம். அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய 1958 பருவத்தில் அதே அணி ஒரேயொரு ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. என்.எஃப்.எல்.லின் இறுதியாட்டமான சூப்பர் பௌலின் கோப்பை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

பிரிவுப் பட்டங்களை அதிகம் வென்ற அணி எது?

1967 முதல் 2024 பருவம் வரை வைக்கிங்ஸ் 21, பேக்கர்ஸ் 17, பேர்ஸ் 11, லயன்ஸ் ஐந்து. இடையில் இங்கே இருந்த டாம்பா பே மூன்று. வேலைநிறுத்தத்தால் குறுகிப்போன 1982-இல் மட்டும் பிரிவுக்கணக்கு பார்க்கப்படவில்லை.

அத்தனை பிரிவுப் பட்டங்கள் வென்றும் வைக்கிங்ஸ் ஏன் சூப்பர் பௌலை வெல்லவில்லை?

நான்கு முறை இறுதிக்குப் போய் நான்கிலும் தோற்றது: கேன்சஸ் சிட்டியிடம் 23–7, மயாமியிடம் 24–7, பிட்ஸ்பர்க்கிடம் 16–6, ஓக்லாந்திடம் 32–14. 1967-இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பட் கிராண்ட், எலும்பை உறைய வைக்கும் குளிரிலும் வீரர்கள் அமரும் இடத்தில் கணப்பு வைக்க அனுமதிக்காதவர். அந்த ஒழுக்கம் மினசோட்டாவின் டிசம்பரில் எதிரணிகளை நிலைகுலைய வைத்தது. சூப்பர் பௌலோ பெரும்பாலும் இதமான வானிலையுள்ள ஊர்களில் நடந்தது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நான்கு முறையும் எதிரே நின்றவை மிகச் சிறந்த அணிகள். அந்தத் தற்காப்பு வரிசையின் தூணாக விளங்கிய ஆலன் பேஜ், 1971-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். பின்னர் சட்டம் படித்து, 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்.

இந்த நான்கையும்விட ரசிகர்களின் நெஞ்சை அறுப்பது 1998 பருவம். 15 வெற்றி, ஒரு தோல்வி என்று வந்த அணி. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் உதைப்பாளர் கேரி ஆண்டர்சன் ஓர் உதையைக்கூடத் தவறவிடவில்லை. அட்லாண்டாவுக்கு எதிரான என்.எஃப்.சி. இறுதியில், இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, 38 கெஜத் தூர உதை இடப்பக்கம் விலகிப் போயிற்று. அது உள்ளே போயிருந்தால் எட்டிப் பிடிக்க முடியாத முன்னிலை கிடைத்திருக்கும். கூடுதல் நேரத்தில் அட்லாண்டா 30–27 என்று வென்றது.

வெப்பமான ஃபுளோரிடாவின் அணி இந்தக் குளிர்ப் பிரிவில் இருந்தது ஏன்?

1976-இல் தொடங்கிய டாம்பா பே பக்கனியர்ஸ், ஓராண்டு மறுபாதியில் ஆடிவிட்டு 1977-இல் சென்ட்ரலுக்கு வந்தது. அப்போது அங்கே நான்கே அணிகள் இருந்தன. கணக்கை ஐந்தாக்க இடம் இருந்தது. வேறு பொருத்தம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி, 1979-இல் பிரிவுப் பட்டத்தையே வென்றது அதன் வீரர்களுக்குப் பெருமை சேர்ப்பது.

1985 பேர்ஸ் அணியை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

எதிரணியை மூச்சுவிடவிடாத தற்காப்பு அந்த ஆண்டைப் போல வேறெப்போதும் அமையவில்லை என்றே பலரும் கருதுகிறார்கள். மைக் டிட்கா பயிற்சியாளர். தற்காப்பை வகுத்தவர் பட்டி ரயன். மயாமியிடம் மட்டும் ஒருமுறை தோற்று, பருவத்துக்குப் பின் தோற்றவர் வெளியேறும் சுற்றான பிளேஆஃபில் நியூயார்க் ஜயன்ட்ஸை 21–0, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 24–0 என்று புள்ளியே தராமல் அனுப்பி, சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தை 46–10 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் வால்டர் பேட்டனுக்கு ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை. மெலிந்த ஆண்டுகளிலெல்லாம் அணியைத் தோளில் சுமந்து, 16,726 கெஜம் ஓடி ஓய்வு பெற்றவர் அவர். எல்லைக்கோட்டருகே பந்து வில்லியம் பெர்ரி என்ற பெருத்த உடம்புக்காரரிடம் கொடுக்கப்பட்டது. அதற்காக வருந்தியதை டிட்காவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். டிட்காவை 1982-இல் நியமித்த ஹாலஸ், இந்த வெற்றியைக் காணாமல் 1983-இல் காலமானார்.

2002-இல் பெயர் மாறியது ஏன்?

ஹூஸ்டனில் 32-ஆவது அணி பிறந்ததும் எட்டுப் பிரிவுகளுக்குத் தலா நான்கு அணிகள் என்று கணக்கு சீரானது. டாம்பா பே தெற்குப் பிரிவுக்குப் போய், அதே பருவத்தில் சூப்பர் பௌலையும் வென்றது. பழைய நால்வர் மட்டும் எஞ்சிய சென்ட்ரலுக்கு நார்த் என்று பெயரிட்டார்கள்.

பிரெட் ஃபார்வ் விவகாரம் கிரீன் பேயை ஏன் அவ்வளவு புண்படுத்தியது?

1992 முதல் 2007 வரை பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்து, 1996 பருவத்தின் சூப்பர் பௌலை வென்று தந்தவர் ஃபார்வ். ஓய்வு அறிவித்து, பிறகு திரும்பி வர விரும்பியபோது, நிர்வாகம் ஏற்கெனவே ஆரன் ராட்ஜர்ஸைத் தேர்ந்துவிட்டிருந்தது. நியூயார்க் ஜெட்ஸில் ஓராண்டு ஆடிய ஃபார்வ், 2009-இல் வைக்கிங்ஸின் ஊதாச் சட்டையில் லாம்போ அரங்குக்குள் வந்தார். பதினாறு ஆண்டுகள் அவர் பெயர் பொறித்த சட்டையை அணிந்த கூட்டம் அன்று ஏளனக் குரல் எழுப்பியது. அவர் 38–26 என்று வென்று போனார். மறு பருவத்தில் ராட்ஜர்ஸ், பிளேஆஃபின் கடைசித் தகுதியிடத்தில் நுழைந்து, என்.எஃப்.சி. இறுதியில் பேர்ஸ் அணியை சிகாகோவிலேயே 21–14 என்று வென்று, சூப்பர் பௌலையும் கைப்பற்றினார். 2015-இல் ஃபார்வின் எண்ணுக்கு அதே அரங்கில் ஓய்வளித்துச் சிறப்பித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

லயன்ஸ் ரசிகர்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள்?

1950-களில் மூன்று லீக் பட்டங்களை வென்ற அணி அது. கடைசிப் பட்டம் 1957-இல், கிளீவ்லாந்துக்கு எதிராக 59–14. அதன்பின் 66 ஆண்டுகளில் பிளேஆஃபில் வென்றது ஒரே ஓர் ஆட்டம், 1992 ஜனவரியில் டாலஸுக்கு எதிராக. ஆயினும் 1934 முதல், போர்க்கால இடைவெளி தவிர, ஒவ்வொரு நன்றி நவிலல் நாளிலும் டெட்ராய்ட்டில் ஆட்டம் நடக்கிறது. நாடே விருந்துண்டபடி பார்க்கும் அந்த ஆட்டத்தில் தங்கள் அணி தோற்பதைப் பல தலைமுறைகள் பார்த்திருக்கின்றன.

பேரி சாண்டர்ஸ் போன்ற ஓட்டவீரர் வேறோர் அணியில் பிறந்திருந்தால் என்று எண்ணாதவர் இல்லை. 1997-இல் 2,053 கெஜம் ஓடி, ஃபார்வோடு சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்துகொண்ட அவர், பேட்டனின் சாதனைக்கு 1,457 கெஜம் மட்டுமே மிச்சமிருக்க, 1999 கோடையில் தம் சொந்த ஊர்ச் செய்தித்தாளுக்குத் தொலைநகலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு விலகினார். 2008-இல் அணி 16 ஆட்டங்களிலும் தோற்றது; ஒரு பருவத்தின் 16 ஆட்டங்களையும் இழந்த முதல் அணி அதுவே.

பிறகு டான் கேம்பல் பயிற்சியாளராக வந்தார். 2023 டிசம்பர் 24 அன்று மினசோட்டாவில் 30–24 என்று வென்று, 30 ஆண்டுகளில் முதல் பிரிவுப் பட்டம் கிடைத்தது. மூன்று வாரம் கழித்துச் சொந்த அரங்கில், தங்களிடம் 12 ஆண்டுகள் ஆடிப் பிரிந்துபோன மேத்யூ ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24–23 என்று வீழ்த்தினார்கள். ஸ்டாஃபோர்டுக்கு ஈடாக டெட்ராய்ட்டுக்கு வந்த ஜாரெட் கோஃபின் பெயரை அரங்கமே சேர்ந்து முழங்கியது. இரு வாரங்களுக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவிடம் 24–7 என்ற முன்னிலையைப் பறிகொடுத்து 34–31 என்று தோற்றபோதும், அந்த முழக்கத்தின் மகிழ்ச்சியை யாராலும் பறிக்க முடியவில்லை.

பிரிவுப் பட்டத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு?

பிரிவில் முதலிடம் பெறும் அணிக்குப் பிளேஆஃப் இடம் உறுதி. முதல் ஆட்டமும் சொந்த ஊரில். பிரிவை வெல்லாத அணிகளில் சிறந்த மூன்று மட்டும் வைல்டு கார்டு வழியாக நுழைந்து, வெளியூரில் ஆட வேண்டும். இதன் கடுமையை 2024 பருவத்தைப் போல எதுவும் காட்டியதில்லை. லயன்ஸும் வைக்கிங்ஸும் தலா 14 வெற்றி, இரண்டு தோல்வி என்ற நிலையில் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 2025 ஜனவரி 5 அன்று டெட்ராய்ட்டில் சந்தித்தன. வென்றால் என்.எஃப்.சி.யின் முதலிடமும் ஒரு வார ஓய்வும். தோற்றால் ஐந்தாமிடமும் பயணமும். ஜமிர் கிப்ஸ் நான்கு டச்டவுன்கள் எடுக்க, லயன்ஸ் 31–9 என்று வென்றது. 14 ஆட்டங்களில் வென்றும் வைல்டு கார்டாக நுழைந்த முதல் அணி என்று வைக்கிங்ஸ் பதிவாயிற்று. எட்டு நாள் கழித்து, காட்டுத்தீயால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அரிசோனாவுக்கு மாற்றப்பட்ட ஆட்டத்தில் அது ராம்ஸிடம் 27–9 என்று தோற்றது. ஓய்வெடுத்து வந்த லயன்ஸும் சொந்த அரங்கின் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45–31 என்று தோற்று வெளியேறியது.